பலகைக்குத் தெரியாத கை

“பலகையைத் திறங்க சார். உள்ள என்ன இருக்குதுன்னு நான் பாக்கணும்.”

அற்புதமேரி இதைக் கேட்டபோது இன்னும் தண்ணீரில்தான் இருந்தாள். பாதை பிரிக்கும் கயிற்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மிதந்தாள். மூச்சு அடங்கவில்லை. மேலே கரையில் மேனேஜர் கண்ணப்பனின் கறுப்பு ஷூ அவள் நெற்றிக்கு நேராக நின்றது.

அந்தக் கம்பெனியில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். கேண்டீன் சாம்பாரில் பருப்பு எங்கே என்று கேட்கலாம். ஓவர்டைமை ஏன் வெட்டினீர்கள் என்றுகூடக் கேட்டுவிட்டுத் திட்டு வாங்கிக்கொள்ளலாம். பலகையைத் திறக்கச் சொல்லி மட்டும் கேட்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த அன்றே அதைச் சொல்லிவிட்டார்கள். வெளியாட்கள் நிற்கும்போது அதைப் பற்றி மூச்சே விடக் கூடாது. அன்றைக்குப் பார்த்து வெளியாட்கள் வரிசையாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள், மெட்ராசிலிருந்து வந்தவர்கள், பலகையை விலை பேச வந்தவர்கள்.

ஓரகடம் சாலையில் இருந்த அந்தக் கம்பெனி மின்சார மீட்டர் செய்கிற கம்பெனி. மீட்டர் கம்பெனி என்றால்தான் பஸ் கண்டக்டருக்கும் தெரியும். முதலாளி ரெண்டு வருஷத்துக்கு முன்பு டெல்லியில் ஆசிய விளையாட்டுப் பார்க்கப் போனார். நீச்சல் குளத்தின் சுவரில் ஒரு மஞ்சள் பலகை தொங்கியது, நீந்தி வருகிறவர்களின் கை அதில் பட்டதும் கடிகாரம் தானாக நின்றது. யார் முதல் என்று மனுஷன் கண்ணை நம்ப வேண்டியதில்லை. இதை நாமே செய்தால் என்ன என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டுத் திரும்பினார். தீப்பிடித்தால் அணைக்க என்று கட்டி வைத்திருந்த பெரிய தண்ணீர்த் தொட்டி கம்பெனிக்குள்ளேயே இருந்தது. அதை இழுத்து நீட்டி, கயிறு கட்டி, ஆறு பாதை பிரித்து நீச்சல் குளமாக்கினார். பின்பக்கக் கொட்டகையில் பலகை செய்ய ஆரம்பித்தார்கள். மாவட்டத் தேர்வுப் போட்டியை இங்கேயே வைத்துக்கொள்ளுங்கள், இடம் இலவசம், சாப்பாடும் இலவசம் என்று கூப்பிட்டதும் பலகையைக் காட்டத்தான்.

அற்புதத்துக்குக் கம்பெனியில் மீட்டர் சோதிக்கிற வேலை. தினக்கூலி. வடக்குப்பட்டில் அவள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கல் உடைத்தவர்கள். அப்பா மரியஜோசப்பும் அதுதான். அந்த வீட்டிலிருந்து பிஎஸ்சி பிசிக்ஸ் படித்து வெளியே வந்த முதல் ஆள் அவள். பட்டம் வாங்கிய பிறகும் அவள் வாய் அடங்கவில்லை, இன்னும் நீண்டுவிட்டது என்று அம்மா அன்னபுஷ்பம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். காலையில் தொட்டியில் நீந்திப் பழக அவளை விட்டதற்கும் அம்மா ஒரு கணக்கு வைத்திருந்தாள். “இந்த ஒரு போட்டி. தேறுனா மெட்ராஸ் போ, எங்க வேணா போ, நான் வாயைத் தொறக்க மாட்டேன். தேறலைன்னா அந்த நீச்சல் துணியை மடிச்சு வெச்சுட்டு, மாப்ள வூட்டுக்காரங்க வரப்ப தலைக்குப் பூ வெச்சுக்கினு உக்காரணும்.”

நூறு மீட்டரில் முதலாவதாக வருகிற பெண் மாநில அணிக்குப் போவாள். ஒருத்திதான். ரெண்டாவதுக்கு எவர்சில்வர் டம்ளர்.

அந்த டம்ளர்தான் இப்போது அவளுக்கு வந்திருந்தது. கடைசி நாலைந்து கை வீச்சு வரைக்கும் நாலாவது பாதையில் வந்த அவளும் அஞ்சாவது பாதையில் வந்த கங்காவும் ஒரே கோட்டில் வந்தார்கள். சுவர் நெருங்கியதும் அற்புதம் கையை நீட்டித் தொட்டுவிட்டாள். கரையோரம் ஏணி நாற்காலியில் உட்கார்ந்திருந்த ரெண்டு நடுவர்களும் நாலாவது பாதை என்று விரல் காட்டியதை அவளே பார்த்தாள். கூட்டம் அவள் பெயரைத்தான் கத்தியது. அப்புறம் சுவரில் மாட்டிய பெட்டியில் சிவப்பு எண்கள் நின்றன. அஞ்சாவது பாதை முதல். நாலாவது பாதை ரெண்டாவது. இடையில் நொடியை நூறாகக் கூறு போட்டால் அதில் நாலு கூறு. மெஷின் வேலை செய்தால் மெஷின் சொல்வதுதான், கண் சொல்வது அப்புறம் என்பது சட்டம். விரல் காட்டிய நடுவர்கள் விரலை மடக்கிக்கொண்டார்கள்.

“மேல ஏறி வாம்மா முதல்ல,” என்றார் கண்ணப்பன், பல்லைக் கடித்தபடி, விருந்தாளிகள் பக்கம் சிரித்த முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு. “மெஷினுக்கு நீயும் ஒண்ணு, அந்தப் பொண்ணும் ஒண்ணு. தோத்தா ஒத்துக்கணும்.”

“தோத்தேனா இல்லையான்னு நான் கேக்கல சார். அது எப்படி முடிவு பண்ணுச்சுன்னு கேக்கறேன்.”

உண்மையும் அதுதான். கோபம் அவளுக்குக் கூடப் பிறந்தது, ஆனால் அதற்குக் கீழே வேறொன்று ஏழெட்டு மாதமாக அரித்துக்கொண்டிருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கொட்டகை வாசலில் நின்று பலகைப் பிரிவு பரசுராமனிடம் கேட்டிருக்கிறாள். அண்ணே, தண்ணியும் வந்து மோதுது, கையும் வந்து மோதுது. எது தண்ணி, எது கைன்னு பலகைக்கு எப்படித் தெரியும்? பரசுராமன் சிரித்துவிட்டு, “அதாம்மா சீக்ரெட்டு,” என்று கதவைச் சாத்திவிட்டான். அந்தக் கேள்வியை அவள் எத்தனையோ ஷிப்டு சுமந்துகொண்டு திரிந்தாள். அலைக்கும் கைக்கும் என்ன வித்தியாசம்? அலை பலகை முழுக்கப் பரவி அழுத்துகிறது. கை ஒரே இடத்தில் அழுத்துகிறது. எவ்வளவு அழுத்தினால் கை? யார் சொன்னது அவ்வளவு என்று?

காலையில் நடந்த தகுதிச் சுற்று வேறு அவளை உறுத்திக்கொண்டிருந்தது. சேரப்பணஞ்சேரியிலிருந்து வந்த லூர்து மேரி என்ற ஒல்லிப் பெண் நன்றாகத்தான் நீந்தி வந்தாள். பலகையைத் தொட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டே இருந்தன. இன்னொரு தரம் தொட்டாள், அப்போதும் ஓடின. மூன்றாவது தரம் அழுகையோடு குத்தினபோதுதான் நின்றன. கூட்டம் சிரித்தது. “பாப்பா, பூ பறிக்க வந்துச்சு போல,” என்றான் ஒருவன். அந்தப் பெண் துண்டைப் போர்த்திக்கொண்டு வெளியே போய்விட்டாள், இறுதிச் சுற்றுக்குப் பெயர் இல்லை.

தலைமை நடுவர் பாண்டுரங்கன் விசிலை உருட்டிக்கொண்டே வந்தார். காஞ்சிபுரத்தில் உடற்கல்வி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். “கேட்டா பார்க்கணும் கண்ணப்பன். சட்டம் இருக்கு.”

கண்ணப்பன் விருந்தாளிகள் பக்கம் கைகூப்பினார். “வாங்க சார், வாங்க. கேண்டீன்ல டிபன் ரெடி. மசால் வடை சூடா போட்டுக்கிட்டு இருக்காங்க. ஆறிடும்.”

நாற்காலிகள் காலியாயின.

பலகைப் பிரிவிலிருந்து மாரி வந்தான். பலகையைப் பொருத்தி மாட்டுகிற பிட்டர். இடுப்பில் சாவிக்கொத்து, காதில் பாதி பீடி. அவனைக் கடிகாரப் பெட்டியின் பக்கத்தில் நிற்க வைத்துவிட்டு அற்புதம் தண்ணீரிலேயே மறுபடி சுவரோரம் வந்தாள். கங்காவும் தன் பாதையை விட்டு ஏறவே இல்லை. பல்லாவரத்துக்காரி. அங்கே ஒரு கிளப்பில் அவள் அப்பா டிரைவர், அந்தக் கிளப்புக் குளத்தில்தான் பழகியவள்.

“இன்னாமே,” என்றாள் கங்கா, கயிற்றில் தாடையை வைத்துக்கொண்டு. “நான் ஜெயிச்சது புடிக்கலியா உனுக்கு?”

“நீ ஜெயிச்சியா?”

“பொட்டி சொல்லுது.”

“உனக்குத் தெரியுமான்னு கேக்கறேன்.”

கங்கா மூக்கைச் சிந்தினாள். “நான் அந்தாண்டை பாத்துக்கினு மூச்சு வுட்டேன். நீ எங்க இருந்தேன்னு நான் எங்க கண்டேன். ஆனா ஒண்ணு, சும்மா உட்டுக் குடுக்க மாட்டேன், சொல்லிட்டேன்.”

“குடுக்காதே. பாத்துக்கினே இரு.”

மாரி கடிகாரத்தை ஓட விட்டான். அற்புதம் ரெண்டு கை வீசி வந்து, போட்டியில் தொட்டது போலவே விரல் நுனியால் பலகையைத் தொட்டாள். எண்கள் ஓடின. உடம்பு பின்னாலேயே வந்து சேர்ந்து உள்ளங்கை அழுந்தியதும் நின்றன. தொட்டதற்கும் நின்றதற்கும் நடுவில் ஒரு இடைவெளி. கண் சிமிட்டுகிற நேரம்கூட இல்லை, ஆனால் இருந்தது.

“நின்னுதே,” என்றார் கண்ணப்பன். “வேலை செய்யுது பார்.”

“எப்ப நின்னுச்சு சார்?”

அவள் மூணாவது பாதைக்குப் போய்த் தொட்டாள். அதே கதை. ஒன்று, ரெண்டு, ஆறு என்று மற்றப் பாதைகளிலும், கடைசியில் கங்கா இருந்த அஞ்சாவது பாதையிலும் அதேதான். கங்காவுக்குப் பொறுக்கவில்லை. “தள்ளு,” என்று வந்து தன் வழக்கப்படி பளாரென்று ஒரு அறை விட்டாள். கடிகாரம் அந்த இடத்திலேயே நின்றது. “இப்ப என்னை மாதிரித் தொடு,” என்றாள் அற்புதம். கங்கா விரல் நுனியால் தொட்டாள். எண்கள் ஓடின. கங்கா பலகையைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், மறுபடி தொட்டாள்.

“ஐயே,” என்றாள் மெதுவாக. “இதுக்குச் சொரணையே இல்ல.”

“நீ ஏன் அறையுறே?”

“எங்க குளத்துல டைல்ஸ் சுவரு. வழவழன்னு இருக்கும். அறைஞ்சாதான் கை நிக்கும். நீ ஏன் தொட்டாச்சிணுங்கியைத் தொடறா மாதிரித் தொடறே?”

அதை அற்புதம் அதுவரை யோசித்ததில்லை. வடக்குப்பட்டில் அவள் நீந்தப் பழகியது விவசாயக் கிணற்றில். சுற்றிலும் அடுக்கிய கருங்கல், கல்லுக்குக் கல் சந்து, சந்துக்குச் சந்து நண்டு. சில சந்தில் தண்ணீர்ப் பாம்பும் இருக்கும். கையை ஓங்கி வைத்தால் ஒன்று தோல் உரியும், இல்லை நண்டு கவ்வும். யார் முதலில் சுவரைத் தொடுவது என்று பந்தயம் வைத்தாலும் விரல் நுனியால் கல்லைத் தொட்டதும் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பக்கத்துக் கிணற்றில் நீந்தின பெண்கள் எல்லோருக்கும் அதே கைதான். லூர்து மேரியின் கையும் அதேதான்.

அப்படியானால் தப்பு என் கையிலா என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். அந்த நினைப்பு கசந்தது. ஆனாலும் நினைத்தாள்.

“ஐயா,” என்று பாண்டுரங்கனை அண்ணாந்து பார்த்தாள். “சட்டத்துல சுவத்தைத் தொடணும்னு இருக்குதா, அடிக்கணும்னு இருக்குதா?”

“தொடணும்னுதான் இருக்கு.”

“எவ்ளோ பலமா?”

“அப்படி ஒண்ணும் இல்லை.”

“அப்ப எவ்ளோ பலம்னு முடிவு பண்ணது யாரு?”

எல்லோரும் மாரியைப் பார்த்தார்கள். மாரி கண்ணப்பனைப் பார்த்தான். கண்ணப்பன் வாய் திறப்பதற்குள் பாண்டுரங்கன், “கழட்டப்பா,” என்றுவிட்டார்.

கதவளவு பலகையைக் கொக்கியிலிருந்து விடுவித்து, ரெண்டு பேர் தூக்கிக் கரையில் கிடத்தினார்கள். மாரி குந்தி உட்கார்ந்து திருகாணிகளைக் கழற்றினான். அற்புதம் துண்டைச் சுற்றிக்கொண்டு பக்கத்தில் மண்டியிட்டாள். அத்தனை மாதம் மூடிக் கிடந்தது ரொம்ப சாதாரணமாகத்தான் இருந்தது. ரெண்டு மெல்லிய தகடு. நடுவில் ரப்பர்த் துண்டுகள், வரிசை வரிசையாக. கை அழுத்தினால் ரப்பர் நசுங்கும், தகடும் தகடும் ஒட்டும், மின்சாரம் பாயும், கடிகாரம் நிற்கும். இவ்வளவுதானா என்று இருந்தது அவளுக்கு. ஒரு நிமிஷம் கோபமெல்லாம் மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ ரொம்ப அழகாக யோசித்திருக்கிறார்கள்.

அப்புறம் ஒரு ரப்பர்த் துண்டை நகத்தால் நெம்பினாள். அதன் மேல் இன்னொன்று ஒட்டியிருந்தது. சைக்கிள் டியூப்.

“இது எதுக்கு மாரி அண்ணே?”

“பின்ன இன்னாம்மா பண்றது,” என்றான் மாரி. “மொதல்ல ஒத்த ரப்பருதான் வெச்சோம். ஒருத்தன் குதிச்சா போதும், அலை வந்து மோதி அல்லா பாதையும் நின்னுடும். ஒருவாட்டி தவளை குதிச்சு நின்னுச்சு. முதலாளி பாத்துட்டு, தவளைக்கு மெடல் குடுக்கறதான்னு கத்துனாரு. அதனால டியூப்பை வெட்டிப் போட்டுக்கினே வந்தோம், அலைக்கு அசையாத வரைக்கும்.”

“அசையாததுக்கு அப்புறம் கையை வெச்சுப் பாத்தீங்களா?”

“பாக்காம. நானு, பரசுராமன், வாட்ச்மேன், லேத்துல வேலை செய்ற பசங்க. நூறுவாட்டி அடிச்சிருப்போம். ஒருவாட்டிகூடத் தவறல.”

“ஒரு பொம்பளை கையை வெச்சுப் பாத்தீங்களா?”

மாரி பீடியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி அங்கேயே சொருகினான். “பொம்பளைங்க எப்படிம்மா. பலகை மாட்றது சாயங்காலம். நீங்க அல்லாரும் அஞ்சு மணி பஸ்ஸுல போயிடறீங்க.”

அது அங்கே எல்லோரும் சேர்ந்து போட்ட ஏற்பாடு. பெண்களுக்குக் குளம் காலையில் ஒரு மணி நேரம், சுற்றிலும் தார்ப்பாய் கட்டி. பலகை மாட்டினால் பிட்டர்கள் கரையில் நிற்க வேண்டும், பிட்டர்கள் ஆம்பிளைகள், ஆகவே பலகை இருக்கும்போது பெண்கள் இறங்கக் கூடாது. மானத்தைக் காப்பாற்றத்தான். அற்புதமும் அந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் கண்டதில்லை, தார்ப்பாய்க்குள் நிம்மதியாகத்தான் நீந்தினாள். பெண் கை அந்தப் பலகையில் முதல் முதலாகப் பட்டதே அன்றைக்குக் காலையில்தான்.

கண்ணப்பனின் அறையில் மின்விசிறி கிறீச்சிட்டது. பாண்டுரங்கன் நாற்காலியில் உட்கார்ந்தார். அற்புதத்தை உட்காரச் சொல்லவில்லை, ஈரம் ஆகிவிடும்.

“இப்படிப் பண்ணிடலாம்,” என்றார் கண்ணப்பன். குரலில் பாகு ஒழுகியது. “நாலாவது பாதையில வயர் லூசு. அந்த ஒரு பலகை மட்டும். மெஷின் ஒரு பாதையில தவறினா கண்ணு பார்த்ததுதான் செல்லும். அப்படித்தானே சார்?”

“அதுக்குச் சட்டம் இருக்கு,” என்றார் பாண்டுரங்கன், மேசையைப் பார்த்துக்கொண்டு.

“அப்போ நீதாம்மா முதல். மாநில அணிக்கு நீ போறே. நம்ம கம்பெனிப் பொண்ணு. எனக்கும் பெருமைதான்.”

அவள் கண் முன்னால் அம்மாவின் முகம் வந்தது. போயேன், தொலையேன் என்று சொல்லிக்கொண்டே பை தைத்துக் கொடுப்பாள். சரி என்று தலையாட்டினால் போதும். அதிலும், முதலில் தொட்டது அவள்தான் என்பது பொய்யும் இல்லை.

“கங்கா?”

“ரெண்டாவது.”

“லூர்து மேரி?”

“யாரு அது?” என்றார் கண்ணப்பன்.

அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. அவள் பாண்டுரங்கனைப் பார்த்தாள். அவருக்குத் தெரிந்திருந்தது.

“வயர் லூசு இல்லை சார். ஆறு பாதையிலும் நான் தொட்டுப் பாத்தேன். ஆம்பளை மாதிரி அடிச்சா நிக்கும், பொண்ணு மெதுவாத் தொட்டா நிக்காது. பொண்ணுங்க போட்டியே செல்லாது. காலையிலேர்ந்து நடந்தது எல்லாம் செல்லாது.”

“யோசிச்சுப் பேசும்மா,” என்றார் பாண்டுரங்கன். “செல்லாதுன்னா திரும்ப நடத்தணும். தகுதிச் சுற்றுலேர்ந்து, எல்லாரும், இன்னிக்கே, ஸ்டாப் வாட்ச் வெச்சு. நீ ரெண்டு தரம் நீந்தி ஓஞ்சு போயிருக்கே. அந்தச் சேரப்பணஞ்சேரிப் பொண்ணு ஒரே தரம்தான் நீந்தியிருக்கா. நீ ஜெயிப்பேன்னு என்ன நிச்சயம்?”

“நிச்சயம் இல்லைங்க.”

“அப்புறம்?”

“நீங்க நடத்துங்க.”

“அவர் எப்படி நடத்துவார்?” கண்ணப்பனின் பாகு வற்றிவிட்டது. “காரணம் சொல்லணுமே. கேண்டீன்ல உட்கார்ந்திருக்கிறவங்க கிட்ட என்னன்னு சொல்றது? பலகை பொம்பளைக் கைக்கு வேலை செய்யாதுன்னா? இதை நம்பித்தான் அந்தக் கொட்டகையே ஓடுது. மாரி, பரசுராமன் எல்லாருக்கும் அங்கதான் சோறு.”

“ரப்பரைக் குறைச்சுட்டு, அலையும் கையும் வேற வேறயாத் தெரியிற மாதிரி செய்யலாம் சார். பண்ண முடியும். இன்னிக்கு விக்காதீங்க. இதே மாதிரி நூறு பலகை போயி ஊரெல்லாம் தொங்குனா, அங்கங்க ஒரு பொண்ணு தொட்டுட்டு, நிமிந்து பாத்துட்டு, அழுதுகினு போவா. தன் மேலதான் தப்புன்னு நெனைச்சுக்குவா.”

“நீ எனக்குச் சொல்லித் தர வேண்டாம். ரெண்டு வழிதான் இருக்கு. முதல் பரிசு வாங்கிக்கிட்டுப் போ. இல்லை டம்ளரை வாங்கிக்கிட்டுப் போ.”

பாண்டுரங்கன் விசிலை உள்ளங்கையில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தார். “வந்தவங்க கேட்டா நான் மறைக்க மாட்டேன்,” என்றார் கடைசியில். “நானாப் போய்ச் சொல்ல முடியாது.”

“யாராவது சொன்னா அவங்க கேப்பாங்க இல்லீங்களா?”

“கேப்பாங்க.”

“சரிங்க.”

துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். கதவுப் பக்கம் திரும்பினாள். கண்ணப்பன் எழுந்துவிட்டார், நாற்காலி பின்னால் சுவரில் இடித்தது.

“அற்புதம், எங்க போறே? கேண்டீன் பக்கம் காலை வெச்சே, திங்கக்கிழமை கேட்டுக்குள்ள வர முடியாது. சொல்லிட்டேன்.”

“கேட்டுச்சு சார்,” என்றாள்.

வெளியே கங்கா தூணில் சாய்ந்துகொண்டு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக ஒட்டுக்கேட்டாளோ. “மறுபடியும் நீந்தணுமா?” என்றாள். “ஆமா,” என்றாள் அற்புதம், நிற்காமல். “எங்கனா கொஞ்சம் குந்திக்கிறேன் அப்ப,” என்று கங்கா கை காலை உதறினாள். “உன்னைத் தோக்கடிக்கணும் இல்ல.”

அற்புதம் படியிறங்கினாள். வெயிலில் சிமெண்டுத் தரை கொதித்தது. செருப்பு குளத்தோரம் கிடந்தது, எடுக்கப் போகவில்லை. நேரே கேண்டீனைப் பார்த்து நடந்தாள். வடை தீர்ந்து மெட்ராஸ்காரர்கள் காரில் ஏறிவிடுவதற்குள் போய்ச் சேர வேண்டும்.